அந்தெல்மின் தாடியில் முளைத்த பச்சிலை

அந்தெல்ம் ரெவோலின் தாடியில் செடி முளைத்தது ஏப்ரல் கடைசியில், வெர்னே ஊரில் உருளைக்கிழங்கு நட்டு முடித்த வாரம். முதலில் தலைகாட்டியது புதினா. அதன் பின்னால் சோம்புத் தழை, எலுமிச்சை வாசம் அடிக்கும் ஒரு கீரை, கடைசியாகத் தாடை முழுக்க அடர்த்தியாக, சாம்பல் நிறத்தில், எலியின் காதைப் போலச் சின்னச் சின்ன இலையோடு ஒரு பூண்டு. ஊரில் யாரும் அலறிவிடவில்லை. நாவிதர் கசிமிர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விலக்கிப் பார்த்துவிட்டு, வேர் மயிரில்தான் பிடித்திருக்கிறது, தோலுக்குள் போகவில்லை, அதனால் வலிக்காது என்று சொன்னார். ரொட்டிக்கடை ஸெனாயித், வெயில் ஏறினால் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றாள். அந்தெல்ம் தலையை ஆட்டிவிட்டு, தன் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வழக்கம்போல மலைமேல் இருக்கும் மடத்துக்குப் போனான். கோபம் வந்தது ஒருத்திக்கு மட்டும்தான். அவள் காப்பிக்கடை ஒனோரின். ஆகஸ்ட் மாதம் அந்தத் தாடியை எடுப்பதாகப் பேச்சு. எடுத்தால்தான் அவளுக்குக் கல்யாணம்.

அது பதினோரு வருஷத்துப் பேச்சு. ஒனோரினின் முதல் புருஷன் நல்ல மனிதர்தான், ஆனால் மரம் வெட்டப் போன இடத்தில் மரத்தோடு சேர்ந்து பள்ளத்தில் போய்விட்டார். அவள் அழுது முடித்துக் கடையைத் திறந்த வருஷம், மடத்துக்கு மூட்டை ஏற்றி, மடத்திலிருந்து பீப்பாய் இறக்கும் அந்தெல்ம், அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். போரிலிருந்து திரும்பும்போதே அவனுக்குத் தாடி இருந்தது, கண்ணுக்குக் கீழே தொடங்கி நெஞ்சு வரைக்கும். அவன் வாய் எங்கே இருக்கிறது என்று சூப் குடிக்கும்போதுதான் தெரியும். ஒரு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒனோரின், நாம ரெண்டு பேரும் கட்டிக்கலாமா?" என்று கேட்டான். கடை நிறைய ஆட்கள். அவள் துடைத்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "மூஞ்சி தெரியாத ஆள நான் கட்டிக்க மாட்டேன்யா. ஆடு வாங்கினாக்கூட வாயத் தொறந்து பல்லப் பாக்கறோம். தாடிய எடுத்துட்டு வா, அன்னிக்கே கோயில் மணிய அடிக்கச் சொல்றேன். எங்கம்மா மேல சத்தியம்" என்றாள். எல்லாரும் கேட்டார்கள். சத்தியம் பண்ணியாகிவிட்டது. அந்தெல்ம், "யோசிக்கிறேன்" என்றான். யோசித்தான், யோசித்தான், பதினோரு குளிர்காலம் யோசித்தான். ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டால், "குளிருது" என்பான். ஜூலையிலும் அதே பதில்தான். ஆனால் ஒரு சாயங்காலம்கூட அந்த நாற்காலி காலியாக இருந்ததில்லை. அவளும் வேறு யாரையும் அதில் உட்கார விட்டதில்லை.

இந்த இடத்தில் பச்சையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மடத்துச் சாமிகள் வடிக்கும் மூலிகை மதுவுக்கு வெளியூரில் நீளமான பெயர் உண்டு, எங்கள் ஊரில் பச்சை, அவ்வளவுதான். அந்தச் சாமிகள் பேசுவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மலைப்பாதையில் நடக்கப் போகும்போது மட்டும் பேசலாம் என்பது அவர்கள் விதி, அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி காடெல்லாம் இரைச்சலாக இருக்கும். மற்ற நாளெல்லாம் ஜெபமும் மது வடிக்கும் வாலைச்சட்டியும்தான். பச்சையின் செய்முறை மடத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதைக் குடிப்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. காப்பி குடித்த பிறகு, சர்க்கரைக் கட்டியை அதில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டால், அன்று ராத்திரி அந்த வீட்டுக் கூரையில் பனி விழாது, பக்கத்து வீட்டில் முழங்கால் உயரம் குவிந்திருக்கும், இங்கே ஓடு பளபளவென்று இருக்கும். சூடான சாக்லேட்டில் ஒரு கரண்டி விட்டுக் கொடுத்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே கனவைக் காண்பார்கள், காலையில் அந்தக் கனவில் யார் குதிரைமேல் இருந்தது என்று சண்டை போடுவார்கள். பாட்டிலைப் பனிக்குள் புதைத்து வைத்து, பல் கூசும் சில்லிப்பில் சின்னக் கிண்ணத்தில் குடித்தால், வரப்புத் தகராறுக்காரர்கள் எந்த வரப்பு என்பதையே மறந்துவிடுவார்கள், வசந்தம் வரும்வரை ஞாபகம் திரும்பாது. வால்நட் கேக்கின்மேல் ஊற்றிச் சாப்பிட்டாலோ, சாப்பிட்டவனுடைய நிழல் அவனுக்கு முன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விடும். கதவுக்குக் கீழே நிழல் நுழைவதைப் பார்த்து வீட்டுக்காரி சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

செய்முறையைக் காப்பாற்ற மடம் ஒரு தந்திரம் வைத்திருந்தது. கோடையில் எங்கள் ஊர்ப் பெண்கள்தான் மலையேறிப் பச்சிலை பறித்துக் கொடுப்பார்கள். மடம் தனக்கு வேண்டிய இலைகளோடு வேண்டாத இலைகளையும் சேர்த்துக் கேட்கும். மூட்டை மேலே போனதும், கதவைச் சாத்திக்கொண்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கோவேறு கழுதைகளுக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் அந்தெல்மின் கழுதைகளுடைய மூச்சு பிஷப் வரும்போது கோயில் மணப்பது போல மணக்கும். எது நிஜம், எது கழுதைக்கு என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லாரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஊரே ஒத்துப்போனது. எலிக்காது என்று நாங்கள் சொல்லும் சாம்பல் பூண்டு சத்தியமாகக் கழுதைக்குத்தான். வாசமே கிடையாது, கசப்பும் கிடையாது, கிழக்குப் பாறைமேல் மட்டும் வளரும், ஏறினால் முழங்கால் தேயும். பெண்கள் அதைத் திட்டிக்கொண்டே பறிப்பார்கள்.

மலைப்பாதைக்குத் தார் போட்டதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில், நாலு நாள் விடாமல் பெய்த மழையில் கிழக்குப் பாறை சரிந்து ஆற்றில் விழுந்தது. ஆள் சேதம் இல்லை, ஒரு வாத்துதான் போனது. எலிக்காது ஒழிந்தது, முழங்கால் தப்பித்தது என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வருஷம் இறங்கிய பீப்பாயைத் திறந்தபோது பச்சை பச்சையாக இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடந்தது. குடித்தால் இனிப்பாகத்தான் இருந்தது, ஆனால் கூரையில் பனி விழுந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு கனவு கண்டார்கள். வரப்புத் தகராறு ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. நிழல்கள் மற்ற ஊர் நிழல்களைப் போல, காலில் ஒட்டிக்கொண்டு, களைத்துப்போய் வீட்டுக்கு வந்தன.

எது குறைகிறது என்று அந்த இரண்டு சாமிகளுக்கும் தெரியும். ஆனால் அதைத் தேடித் தாருங்கள் என்று சொன்னால் ரகசியம் போய்விடுமே! அதனால் அவர்கள் எல்லாவற்றையும் இரண்டு மடங்காகக் கேட்டார்கள். பெண்கள் இடுப்பொடியப் பறித்தார்கள், கழுதைகள் கொழுத்தன, பச்சை வெளிறியேதான் வந்தது. மடத்தின் வெளிவேலைகளைப் பார்ப்பதற்காகப் பேச அனுமதி உள்ளவர் இலேர் சாமி. ஒரு நாள் அவரை ஸெனாயித் வழிமறித்தாள். "சாமி, எதத் தேடறோம்னு சொன்னீங்கன்னா தேடலாம். சும்மா மலையையே பேத்துக் கொண்டான்னா எப்படி?" என்று கேட்டாள். இலேர் சாமி பெருமூச்சு விட்டார். "தெரிஞ்சாலும் சொல்லக் கூடாதும்மா. அதுக்கு வசதியா, எனக்குத் தெரியவும் தெரியாது" என்றார்.

இரண்டு குளிர்காலம் இப்படிப் போனது. சாயங்காலம் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெறும் ஒயினைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒனோரின் தனியாக உட்கார்ந்து தம்ளர்களைத் துடைத்தாள், சுத்தமான தம்ளர்களையே திரும்பத் துடைத்தாள். அதைப் பார்த்துத்தான் அந்தெல்முக்கு மனம் இளகியது. "ஊர்ல எல்லாம் கெட்டுப்போயிக் கெடக்கு. ஒண்ணாவது நல்லது நடக்கட்டும். ஆகஸ்ட்ல மாதா திருநாளன்னிக்கு எடுத்துடறேன்" என்றான். அவள், "எத?" என்று கேட்டாள், தெரியாத மாதிரி. பிறகு பின்கட்டுக்குப் போய் ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மறுநாளே நீலத் துணி எடுத்துக் கவுன் தைக்கக் கொடுத்தாள். ஐம்பது வயதில் நீலமா என்று யாரோ கேட்டதற்கு, அறுபதில் சிவப்பு போடுவேன் என்று சொன்னாளாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் செடி முளைத்தது. ஏன் முளைத்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். முப்பது வருஷமாகப் பச்சிலை மூட்டையைத் தோளில் சுமந்தவன், பீப்பாய் அடைப்பான் ஒழுகினால் வாயை வைத்து உறிஞ்சியவன், பாதியைத் தாடியில் வழியவிட்டவன். விதையும் உரமும் உள்ளேயே இருந்தன, அந்த வருஷம் வசந்தத்தில் மழையும் நல்ல மழை. இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? ஒனோரினுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ஆகஸ்ட்ல எல்லாம் சேத்து ஒரே வழிப்பா வழிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவன் சூப் குடிக்கும்போது கரண்டியில் விழும் புதினாவைப் பொறுத்துக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு நாள் அந்தெல்ம் மடத்து வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, செய்முறை தெரிந்த இரண்டு பேரில் மூத்தவர் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். கிட்டே வந்து, அந்தெல்மின் தாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதில் முகத்தை வைத்து அழத் தொடங்கிவிட்டார். பேசக் கூடாது என்பதால் அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது. அந்தெல்ம், பாவம், அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, "இருக்கட்டும் சாமி, இருக்கட்டும்" என்று நின்றான். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடத்துத் தலைவரான பெரிய சாமியின் அறைக்கு ஓடினார். பெரிய சாமி இலேர் சாமியைக் கூப்பிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல், அந்தத் தாடியை எடுக்கக் கூடாது என்று மட்டும் சீட்டில் எழுதி உத்தரவு போட்டார்.

இலேர் சாமி கடைக்கு வந்தது மத்தியானம். ஸெனாயித் கணக்குப்படி அவர் வாசற்படியிலேயே மூன்று தடவை தொண்டையைச் செருமினார். கடைசியில், "அந்தெல்முக்குத் தாடி நல்லாத்தான் இருக்குல்ல?" என்றார்.

ஒனோரின் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சாமி திடீர்னு?"

"இல்லம்மா, ஒரு... ஒரு கம்பீரம். அத எடுக்காம இருந்தா மடத்துக்குச் சந்தோஷம்."

"மடத்துக்கு என்ன சாமி சந்தோஷம், அவர் தாடியில?"

"அதுதான் எனக்கும் தெரியலம்மா" என்றார் இலேர் சாமி. உண்மையைத்தான் சொன்னார். அதை யார் நம்புவார்கள்?

இங்கேதான் ஒனோரின் தப்புக் கணக்குப் போட்டாள். வெர்னேக்காரி யாராக இருந்தாலும் அதே கணக்கைத்தான் போட்டிருப்பாள். அந்த மடத்தில் பூசை வைக்கும் சாமிகள் முகம் மழித்துக்கொள்வார்கள், வயல் வேலை, தச்சு வேலை, பீப்பாய் வேலை பார்க்கும் சகோதரர்கள் தாடி வளர்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவன் மடத்தில் சேரப் போகிறான் என்றால் அதற்கு முதல் அடையாளமே, சாமிகள் அவன் தாடியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதுதான். சாமி அந்தப் பக்கம் போனதும் அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஏண்டி ஸெனாயித், அவரத் தூக்கிட்டுப் போகப் பாக்கறாங்கடி. முப்பது வருஷமா மூட்டை சுமக்க வச்சது பத்தலையாம். ஆளையே உள்ள போட்டுக்கப் போறாங்க. அந்தக் கதவுக்குள்ள போனா பொம்பளை மூச்சுக் காத்துகூடப் படாது, தெரியும்ல?" என்றாள். ஸெனாயித் ஆறுதல் சொல்லப் பார்த்தாள். "கடவுளோட போட்டி போட முடியுமாக்கா..." என்று ஆரம்பித்து, ஒனோரினின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அந்தெல்ம் வந்தான். அவனிடமும் மடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, "சாமிங்க ஆசப்படறாங்க ஒனோரின். ஏன்னு சொல்லல. ஒரு வருஷம் தள்ளி வச்சுக்கலாமா?" என்றான். அவ்வளவுதான். கசிமிர் ஒயினோடு உட்கார்ந்திருந்தார், ஸெனாயித் வால்நட் கேக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"பதினோரு வருஷம் நான் சொன்னேன்" என்றாள் ஒனோரின். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாயா பேயா கத்தினேன். நீ எடுக்கல. மடத்துலேர்ந்து ஒரே ஒரு தடவ, அதுவும் பாதிப் பேச்சு, வந்து சொன்ன ஒடனே வச்சுக்கறேங்கற. நான் யாரு ஒனக்கு? சூப் ஊத்தறவளா?"

அந்தெல்ம் தொப்பியை மேஜைமேல் வைத்தான். அடுப்புப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டான். "எடு" என்றான். "இப்பவே எடு. நீயே எடு."

அவள் செத்துப்போன புருஷனுடைய சவரக்கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து இடுப்பு வாரில் தீட்டினாள். என் தொழிலில் கை வைக்கிறாளே என்று கசிமிர் முணுமுணுத்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. வெந்நீர் வைக்கப் பொறுமை இல்லை. கவுண்டரில் வெளிறிப்போன பச்சை இருந்தது, யாரும் கேட்காத சரக்கு. அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கத்தியை நனைத்தாள். இடது காதிலிருந்து ஆரம்பித்தாள். மயிரும் புதினாவும் சோம்பும் எலிக்காதுமாக, கொத்துக் கொத்தாகக் கிண்ணத்தில் விழுந்தன. ஒரு கீறல்கூட விழவில்லை. தாடை வரைக்கும் வந்ததும் நிறுத்தினாள். பதினோரு வருஷமாக எதைப் பார்க்கப் போகிறோம் என்று ராத்திரியெல்லாம் நினைத்திருந்தாள். தழும்பு, தீக்காயம், குண்டு துளைத்த ஓட்டை, எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து, பரவாயில்லை என்று மனத்தைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். கன்னத்தில் ஒரு குழி இருந்தது. சின்னக் குழந்தைக்கு விழுமே, அந்தக் குழி. அவள் பார்ப்பதைப் பார்த்து அவன் வெட்கத்தில் சிரிக்கப்போக, குழி இன்னும் ஆழமாக விழுந்தது.

"இதுக்கா?" என்றாள்.

"பட்டாளத்துல இதுக்காகத்தான் என்ன பாப்பா பாப்பான்னு கூப்பிட்டானுங்க" என்றான் அந்தெல்ம், கையால் கன்னத்தை மூடிக்கொண்டு. "சார்ஜென்ட்டுகூட."

ஒனோரின் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவன் கையை விலக்கி அந்தக் குழியில் முத்தம் வைத்தாள். அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று கத்தியை நனைக்கத் திரும்பியவள், கிண்ணத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். உள்ளே இருந்தது பச்சை. ஜூன் மாதத்துப் புல்லின் பச்சை. கடை முழுக்க வாசம் எழுந்து, அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் வாலை ஆட்டியது. ஸெனாயித்துக்குத்தான் எதிலும் பொறுமை கிடையாதே, மயிரை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையிலிருந்த கேக்கை அதில் தோய்த்து வாயில் போட்டாள். "ஐயோ, என் நெழல் போகுதுக்கா!" என்று கத்தினாள். அவள் நிழல் காலை உதறிக்கொண்டு எழுந்து, கதவுக்குக் கீழே நுழைந்து, ரொட்டிக்கடையைப் பார்த்து நடந்து போனது. கசிமிர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். எலிக்காது கழுதைக்கு இல்லை, பச்சைக்குத்தான் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஒனோரினுக்கு இன்னொன்றும் புரிந்தது, புரியாமலும் இருந்தது. மடம் கேட்டது இந்த இலையைத்தானா, இல்லை ஆளையும் சேர்த்தா? இலை வேண்டுமானால் செடியை உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்ளத்தானே பார்ப்பார்கள்? கத்தியை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தாள். மீதியை வழித்துவிட்டால் சத்தியம் நிறைவேறும், ஆள் அவளுக்கு. ஆனால் ஊருக்குப் பச்சை இல்லை, பிள்ளைகளுக்குக் கனவு இல்லை, நிழல்களுக்கு வழி இல்லை. வழிக்காமல் விட்டால் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும், அவளுக்கு மட்டும் இந்தக் கன்னம் இல்லை. இப்போதுதானே பார்த்தாள்! கத்தியை மடக்கி ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். "அசையாம உக்காந்திரு" என்று அந்தெல்மிடம் சொல்லிவிட்டு மலைப்பாதையில் ஏறினாள். வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்விட்டாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

பெண்கள் மடத்துக்குள் போக முடியாது என்பதால் வாசற்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று மணியை அடித்தாள். இலேர் சாமி ஓடிவந்தார். "ஒரே கேள்வி சாமி. ஒங்களுக்கு வேண்டியது ஆளா, தாடியா?" என்று கேட்டாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு, கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். ஒனோரின் நின்றாள். ஆள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கடவுளிடமிருந்து எப்படித் திருப்பிக் கேட்பது? இந்தக் கதவு ரொம்பத் தடிமன். அப்போது கதவு திறந்தது. வந்தவர் இலேர் சாமி அல்ல, பெரிய சாமியே வந்துவிட்டார். அன்று சாமிகள் மலைப்பாதையில் நடந்து பேசும் நாளும் அல்ல. வாயைத் திறந்தார், முதலில் ஒன்றும் வரவில்லை, எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. மறுபடி முயற்சி செய்தார்.

"தாடி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தாடி மட்டும்தாம்மா. ஆளு வேண்டாம். நெறையச் சாப்பிடுவாரு" என்றார்.

ஒனோரின் வாசற்கல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மடத்துச் சுவரெல்லாம் எதிரொலிக்கச் சிரித்தாள். உள்ளே ஜெபத்தில் இருந்த சாமிகள் யாரும் தலையைத் திருப்பவில்லை, ஆனால் நாலைந்து பேருடைய தோள் குலுங்கியதாகப் பிறகு சொன்னார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கேளுங்க சாமி. எடது பக்கத்த நான் எடுத்தாச்சு. அது என்னோடது. அதுல ஒரு மயிரக்கூட நீங்க கேக்கக் கூடாது. வலது பக்கம் ஒங்களோடது. நான் வழிக்க மாட்டேன், வருஷா வருஷம் நானே கத்தரிச்சு அனுப்பறேன். சரியா?" பெரிய சாமி தலையை ஆட்டினார். அவருக்கு அந்த மாதத்துக்குரிய பேச்சு தீர்ந்துபோயிருந்தது.

சத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விவாதம் நடந்தது. முகம் தெரிந்தால் கட்டிக்கொள்வேன் என்றுதானே சொன்னாள், பாதிதானே தெரிகிறது என்று ஊர்ப் பாதிரியார் தயங்கினார். கடையில் பஞ்சாயத்துக் கூடியது. "பாதி நெலா வந்தாலும் நெலா வந்துடுச்சுன்னுதான சாமி சொல்றோம்?" என்று ஸெனாயித் கேட்டதும் விஷயம் முடிந்தது. ஆகஸ்டில் மாதா திருநாளன்று கல்யாணம். எங்கள் வழக்கப்படி பெண் மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நின்றாள், நீலக் கவுனில். வலது பக்கம் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களுக்குத் தேனீ தொல்லை கொஞ்சம் இருந்தது. விருந்துக்கு மடத்திலிருந்து புதுப் பச்சை ஒரு பீப்பாய் வந்தது. சூடான ஆப்ரிகாட் பணியாரத்தின்மேல் ஊற்றிப் பற்றவைத்தார்கள், வெண்ணெய்க் கிரீமில் அடித்தார்கள், கிணற்றில் தொங்கவிட்டுக் குளிரவைத்துக் குடித்தார்கள், மாமியார்களுக்குச் சர்க்கரைக் கட்டி. நிழல்கள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட, ஆட்கள் மட்டும் சதுக்கத்தில் பளிச்சென்று ஆடினார்கள். அந்த நாளைச் சாமிகள் நடக்கும் நாளாக மாற்றிக்கொண்டார்களாம். மேலே மலைமுகட்டில் வரிசையாக வெள்ளை அங்கியோடு நின்று, எல்லாரும் ஒரே நேரத்தில் வாழ்த்துச் சொன்னதில், கீழே ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. எல்லாரும் கைதட்டினோம்.

ரகசியம் என்று ஒன்று இருக்கிறதே, அதை மடம் விட்டுவிடவில்லை. அந்த இலையுதிர்காலத்திலேயே இலேர் சாமி வந்து, ஊரில் உள்ள ஆம்பிளைகள் எல்லாருடைய தாடி மயிரும் மூட்டை கட்டி மேலே வர வேண்டும் என்று கேட்டார். ஏன் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். கசிமிருக்கு நல்ல வேலை. மேயரின் மீசை, வாத்தியாரின் கிருதா, எல்லாம் பை பையாகப் போயின. கழுதைகள் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. எந்த மூட்டை நிஜம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாராவது வெளியூர்க்காரன் கேட்டால், மேயருடைய மீசையில்தான் விஷயம் இருக்கிறது என்று சொல்லிவிடுவோம். மேயருக்கும் அதில் பெருமைதான்.

வருஷங்கள் போயின. ஒரு போர் வந்து போனது, அந்த நாட்களிலும் வலது பக்கம் பொய்க்கவில்லை. அந்தெல்மின் மயிர் நரைத்தது, எலிக்காது சாம்பல் நிறம் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை. ஒனோரின் அறுபது வயதில் சிவப்புக் கவுன் போட்டாள். கோடை முடிவில் அவனை வாசலில் உட்கார வைத்து வலது பக்கத்தைக் கத்தரித்து மூட்டை கட்டுவாள், ஞாயிறுதோறும் காலையில் இடது பக்கத்தை மழிப்பாள், மழித்து முடித்ததும் குழியில் ஒரு முத்தம். தெருவில் போகிறவர்கள் பார்க்காதது போலப் போவார்கள்.

போன ஜனவரியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, கத்தியைக் கையில் எடுத்தவள் இடது கன்னத்தில், குழியின் ஓரத்தில், ஒரே ஒரு சாம்பல் இலை முளைத்திருப்பதைப் பார்த்தாள். பேச்சு பேச்சுதான், அந்தப் பக்கம் அவளுடையது. கிள்ளி எடுத்தாள், பொடியாக நறுக்கினாள், மூன்று முட்டையை உடைத்து ஊற்றி ஆம்லெட் போட்டு, இரண்டாக வெட்டி இரண்டு தட்டில் வைத்தாள். மடத்துக்குச் சொல்லவில்லை. அந்தெல்ம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். ஒனோரின் உப்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.